பற்றாக்குறையில் பிழைக்கும் பாசி: கடலிலிருந்து வயலுக்கு ஒரு பாடம்

இயற்கை வழிக்கு மாறிய முதல் இரண்டு, மூன்று போகங்களில் நம்மில் பலரையும் தூங்கவிடாத ஒரு காட்சி உண்டு. நடவு நட்டு இருபத்தைந்து நாள் ஆகியிருக்கும். நம்ம வயல் வெளுத்துக் கிடக்கும். வரப்புக்கு அந்தப் பக்கம் பக்கத்து வயல் கருகருவென்று நிற்கும். போகிறவர் வருகிறவர் எல்லாம் "என்னங்க, பயிர் இப்படி நிக்குது? ஒரே ஒரு மூட்டை யூரியா போட்டு விடுங்களேன்" என்பார்கள். இந்த இடத்தில்தான் நிறையப் பேர் திரும்பிப் போய்விடுகிறார்கள்.

சத்துக் குறைந்தால் ஓர் உயிர் என்ன செய்யும்? எதைச் சேமிக்கும், யாரோடு கூட்டுச் சேரும், எப்போது அந்தக் கூட்டை உதறும்? இது தெரிந்தால் அந்த இருபத்தைந்தாம் நாளில் நிதானமாக முடிவெடுக்கலாம். இதைப் படிக்க நல்ல பள்ளிக்கூடம் கடல். அங்கே யூரியா கடை கிடையாது. இருக்கிற சொற்பச் சத்தையும் வருகிற வெயிலையும் வைத்து நுண்பாசிகள் குடித்தனம் நடத்துகின்றன. அதே இனத்தின் உறவுக்காரப் பாசிகள்தான் நம் நெல் வயலிலும் அசோலா இலைக்குள்ளும் இருக்கின்றன.

எந்தப் பாசியைச் சொல்கிறோம்?

முதலில் ஒரு குழப்பத்தைத் தீர்த்துக்கொள்வோம். ராமநாதபுரம் கடலோரத்தில் கயிற்றிலும் மூங்கில் மிதவையிலும் கட்டி வளர்ப்பது கடற்பாசி. கண்ணுக்குத் தெரியும், கையால் அள்ளலாம். அதைப் பிழிந்தெடுத்த சாறுதான் பாட்டிலில் பயிர் ஊக்கியாக விற்பனைக்கு வருகிறது. இங்கே நாம் பேசப்போவது நுண்பாசி. ஒரு செல்லே ஓர் உயிர். கண்ணுக்குத் தனியாகத் தெரியாது. கோடிக்கணக்கில் சேர்ந்தால் தண்ணீர் பச்சையாக, பழுப்பாக, சில நேரம் சிவப்பாகத் தெரியும். இந்தக் கூட்டத்தில் நீலப்பச்சைப் பாசியும் உண்டு. அறிவியல் கணக்கில் அது பாக்டீரியா இனம் என்றாலும் நாம் பாசி என்றே சொல்லிப் பழகிவிட்டோம்.

பூமியில் நடக்கிற ஒளிச்சேர்க்கையில் ஏறத்தாழ பாதியைச் செய்வது கடல் நுண்பாசிகள். ஆனால் உலகிலுள்ள தாவரங்களின் மொத்த எடையில் இவற்றின் பங்கு நூற்றில் ஒன்றுக்கும் குறைவு. சேர்த்து வைக்காமல் வேகமாக வளர்ந்து, வேகமாக மேயப்பட்டு, வேகமாக மறுசுழற்சி ஆகிற பயிர் இது. தோப்பு மாதிரி இல்லை, அன்றாடம் கறக்கிற பசு மாதிரி.

வெயிலோடு ஓடும் கடிகாரம்

தொட்டாற்சிணுங்கி இரவில் இலை மூடும், காலையில் விரிக்கும். வெயில் பட்டுத்தான் விரிக்கிறது என்று நினைப்போம். 1729இல் பிரெஞ்சு அறிஞர் தெ மேரான், இப்படி இலை மூடித் திறக்கும் ஒரு செடியை இருட்டில் வைத்துப் பார்த்தார். இருட்டிலும் அது நேரம் தவறாமல் விரித்தது, மூடியது. செடிக்குள்ளேயே ஒரு கடிகாரம் இருக்கிறது என்பதற்கு முதல் சான்று அது.

ஒரே செல்லுள்ள பாசிக்கும் அந்தக் கடிகாரம் உண்டு. இரவில் அலை உடையும்போது நீல வெளிச்சம் விடும் ஒருவகைக் கடல் நுண்ணுயிரை 1950களில் பீட்ரிஸ் ஸ்வீனி, உடி ஹேஸ்டிங்ஸ் என்ற இரு அமெரிக்க ஆய்வாளர்கள் எடுத்து ஆராய்ந்தார்கள். பகல் நடுவில் அதன் ஒளிச்சேர்க்கை உச்சத்தில் இருக்கும். இரவு நடுவில் அதன் மினுக்கம் உச்சத்தில் இருக்கும். விடியலை ஒட்டிச் செல் இரண்டாகப் பிரியும். மாறாத மங்கல் வெளிச்சத்தில் நாள்கணக்கில் வைத்தாலும் இந்த வரிசை தொடர்ந்தது.

இதே உயிரை வைத்து 1996இல் வெளியான இன்னொரு ஆய்வு, தண்ணீரில் உள்ள நைட்ரேட், அதாவது தழைச்சத்தின் அளவும் இந்தக் கடிகாரத்தைத் திருத்துகிறது என்று காட்டியது. வெளிச்சத்தைப் பார்த்து மட்டும் பாசி நேரம் வைத்துக்கொள்வதில்லை. வயிற்றையும் பார்த்து வைத்துக்கொள்கிறது.

ஏன் கடிகாரம் வேண்டும்? மும்முனை மின்சாரம் எப்போது வரும் என்று தெரிந்த விவசாயி, கரண்ட் வந்த பிறகு மடை வெட்ட மண்வெட்டி தேடமாட்டார். முன்கூட்டியே மடையைத் திருத்தி வைத்திருப்பார். பாசியும் அப்படித்தான். விடிவதற்கு முன்பே ஒளியைப் பிடிக்கும் கருவிகளைச் செய்யத் தொடங்கிவிடும். பகலில் மாவுச்சத்தைச் சேர்க்கும். இரவில் அதை எரித்து அந்தத் தெம்பில் புரதம் கட்டும், செல் பிரியும். நட்டநடுப் பகல் வெயில் அதிகமானால் மிச்ச ஒளியை வெப்பமாக வெளியே தள்ளிவிடும் ஏற்பாடும் உண்டு. நம் பயிர் இலையிலும் அதே ஏற்பாடு இருக்கிறது.

கடிகாரத்திலும் சிக்கனம் பார்க்கும் பாசி ஒன்று இருக்கிறது. புரோகுளோரோகாக்கஸ் என்று பெயர். 1980களில்தான் கண்டுபிடித்தார்கள். ஒரு மில்லிமீட்டரில் ஆயிரத்துக்கும் மேற்பட்ட செல்களை வரிசையாக அடுக்கலாம், அவ்வளவு சின்னது. சத்துக் குறைந்த வெப்பக் கடல்களில் இதுதான் ராஜா. இதன் உறவுக்காரப் பாசிகளில் மூன்று புரதங்கள் சேர்ந்து கடிகாரத்தை ஓட்டும். அந்த மூன்றில் ஒன்றை இது கைவிட்டுவிட்டது. அதனால் இதன் கடிகாரம் தானாகச் சுற்றாது. மணல் கடிகாரம் மாதிரி ஒவ்வொரு விடியலும் வந்து திருப்பிவைக்க வேண்டும். வெப்பக் கடலில் விடியல் தவறுவதே இல்லையே! நிச்சயமாகக் கிடைப்பதற்காக எதற்குச் செலவு செய்ய வேண்டும் என்பது அதன் கணக்கு.

சத்துக் குறைந்தால் என்ன செய்யும்?

கடல் நுண்பாசிகளின் உடம்பில் சராசரியாக 1 பங்கு மணிச்சத்துக்கு 16 பங்கு தழைச்சத்தும் 106 பங்கு கரியும் அணுக் கணக்கில் இருப்பதை ஆல்ஃபிரட் ரெட்ஃபீல்டு என்ற அமெரிக்க அறிஞர் 1934 முதல் ஆராய்ந்து சொன்னார். இது சராசரிதான். தட்டுப்பாடு வரும்போது பாசி இந்தக் கணக்கை வளைத்துக்கொள்ளும். எப்படி என்று சத்துவாரியாகப் பார்ப்போம்.

தழைச்சத்து குறைந்தால், பாசி தன் பச்சையத்தையும் அதைத் தாங்கும் புரதத்தையும் தானே உடைத்து அதிலிருக்கும் தழைச்சத்தை எடுத்து அவசர வேலைக்குப் பயன்படுத்தும். அதனால் வெளுக்கும். நெல்லில் அடியிலை மஞ்சளாகி, அதிலுள்ள தழைச்சத்து குருத்துக்குப் போகிறதே, அதே கதை. வெளுப்பு என்பது சாவு இல்லை. உள்ளதை இடம் மாற்றுகிற வேலை. ஒளியால் கிடைக்கும் கரியைப் புரதமாக்க முடியாததால் எண்ணெயாகவும் மாவாகவும் சேர்த்து வைக்கும் பாசிகள் பல. சத்து திரும்பக் கிடைத்தால் சில மணி நேரத்தில் வாரி உள்ளே இழுக்கும்.

மணிச்சத்து குறைந்தால், செல்லைச் சுற்றியுள்ள கொழுப்புச் சவ்விலேயே கை வைக்கும். சாதாரணமாக அந்தக் கொழுப்பில் பாஸ்பரஸ் இருக்கும். மணிச்சத்து மிக அரிதான சர்காசோ கடலில் உள்ள பாசிகள் பாஸ்பரஸுக்குப் பதில் கந்தகம் உள்ள கொழுப்பை வைத்துக்கொள்கின்றன என்று 2009இல் தெரியவந்தது. கடலில் கந்தகத்துக்குப் பஞ்சமில்லை. அதோடு, மட்கிய பொருளில் கட்டுண்டு கிடக்கும் மணிச்சத்தை வெட்டி எடுக்கும் நொதியையும் வெளியே சுரக்கும். நம் மண்ணில் வேர்களும் நுண்ணுயிர்களும் இதே வகை நொதியைச் சுரந்துதான் தொழு உரத்திலிருந்து மணிச்சத்தை விடுவிக்கின்றன.

இரும்பு குறைந்தால், ஒளிச்சேர்க்கையில் மின்னணுவைக் கடத்த உதவும் ஓர் இரும்புப் புரதத்தைக் கைவிட்டு, இரும்பே இல்லாத வேறொரு புரதத்தைப் பல பாசிகள் பயன்படுத்தும். இரும்புக் கலப்பை கிடைக்காதபோது மரக் கலப்பையால் உழுகிற மாதிரி. வேகம் கொஞ்சம் குறையும், வேலை நிற்காது.

நீந்தத் தெரிந்த பாசிகளுக்கு இன்னொரு வழியும் உண்டு. பகலில் மேலே வந்து வெயில் காயும். இரவில் கீழே இறங்கி ஆழத்தில் இருக்கும் நைட்ரேட்டைக் குடிக்கும். மேலே ஒளி இருக்கிறது, சத்து இல்லை. கீழே சத்து இருக்கிறது, ஒளி இல்லை. நேரத்தைப் பங்கிட்டு இரண்டையும் எடுத்துக்கொள்கிறது.

ஒரே இரும்பு, இரண்டு வேலை

இந்தக் கட்டுரையில் நாம் மனதில் வைக்க வேண்டிய முக்கியமான பாசி குரோக்கோஸ்பேரா. வெப்பக் கடலில் வாழும் நீலப்பச்சைப் பாசி இது. காற்றிலுள்ள நைட்ரஜனைப் பிடித்துத் தழைச்சத்தாக்கும்.

நைட்ரஜனைப் பிடிக்கும் நொதிக்கு இரண்டு குணம். ஒன்று, ஆக்சிஜன் பட்டால் கெட்டுப்போகும். இரண்டு, அதைச் செய்ய இரும்பு நிறைய வேண்டும். பாசியோ ஒளிச்சேர்க்கை செய்யும்போது ஆக்சிஜனைத்தான் வெளியே விடுகிறது. ஒளிச்சேர்க்கைக் கருவிக்கும் இரும்பு வேண்டும். கடலிலோ இரும்பு பஞ்சம். என்ன செய்வது?

குரோக்கோஸ்பேரா வேலையைப் பகல், இரவு என்று பிரித்துவிட்டது. பகலில் ஒளிச்சேர்க்கை. இருட்டியதும் ஒளிச்சேர்க்கைப் புரதங்களில் ஒரு பகுதியை உடைத்து, அதிலிருந்து இரும்பைக் கழற்றி, நைட்ரஜன் பிடிக்கும் நொதியைச் செய்கிறது. விடியும்போது அந்த நொதியை உடைத்து இரும்பைத் திரும்பப் பகல் வேலைக்கு மாட்டுகிறது. தினமும் இப்படி! இதனால் அதன் இரும்புத் தேவை ஏறத்தாழ 40 விழுக்காடு குறைகிறது என்று 2011இல் வெளியான ஆய்வு கணக்கிட்டது.

ஆக்சிஜன் தொல்லையை மற்ற உயிர்கள் எப்படிச் சமாளிக்கின்றன என்று பாருங்க. அசோலா இலைக்குள் குடியிருக்கும் அனபீனா என்ற நீலப்பச்சைப் பாசி, இழையின் நடுநடுவே கெட்டிச் சுவருள்ள தனி அறைகளைக் கட்டி, அங்கே மட்டும் நைட்ரஜனைப் பிடிக்கிறது. நேரத்தைப் பிரிக்காமல் இடத்தைப் பிரித்தது. தக்கைப்பூண்டு வேர்முடிச்சை நகத்தால் கிள்ளினால் உள்ளே இளஞ்சிவப்பாகத் தெரிகிறதே, அது ஆக்சிஜனைப் பிடித்து அளவாக விடும் இரும்புப் புரதத்தின் நிறம். முடிச்சு சிவப்பாக இருந்தால் வேலை நடக்கிறது என்று அர்த்தம். பச்சையாகவோ பழுப்பாகவோ இருந்தால் வேலை நின்றுவிட்டது.

கூட்டாளித்தனத்தின் உச்சக்கட்டம் 2024 ஏப்ரலில் வெளிவந்த செய்தி. ஒரு கடல் நுண்பாசிக்குள் குடியிருந்த நைட்ரஜன் பிடிக்கும் நீலப்பச்சைப் பாசி, காலப்போக்கில் தனி உயிராக இல்லாமல் அந்தச் செல்லின் உறுப்பாகவே மாறிவிட்டது என்று ஆய்வாளர்கள் காட்டினார்கள். அதற்கு நைட்ரோபிளாஸ்ட் என்று பெயர் வைத்தார்கள். அதன் மரபுத் தடயத்தைக் கடல் நீரில் ஜொனாதன் சேர் குழுவினர் முதலில் கண்டது 1998இல். அது குடியிருக்கும் பாசியை ஜப்பானின் கியோகோ ஹகினோ பல ஆண்டு முயன்று ஆய்வகத்தில் வளர்த்தெடுத்த பிறகுதான் விடை கிடைத்தது. பற்றாக்குறை உள்ள இடத்தில்தான் இவ்வளவு நெருக்கமான உறவு உருவாகியிருக்கிறது என்பதைக் கவனியுங்கள்.

இரும்பைக் கொட்டிப் பார்த்த கதை

"கடலில் இரும்புதானே குறை, கொட்டிவிட்டால் பாசி பெருகுமே" என்று கேட்கத் தோன்றும். கேட்டார்கள், கொட்டியும் பார்த்தார்கள். தழைச்சத்தும் மணிச்சத்தும் மிச்சமாகக் கிடந்தும் பாசி வளராத கடல்களில் இரும்புதான் குறை என்று 1980களின் இறுதியில் ஜான் மார்ட்டின் சொன்னார். 1993 முதல் பல சோதனைகள் நடந்தன. இரும்புக் கரைசல் விட்ட இடங்களில் பாசி பெருகியது உண்மை.

2009இல் இந்தியாவும் ஜெர்மனியும் சேர்ந்து தென்பெருங்கடலில் ஒரு சோதனை நடத்தின. இந்தியில் இரும்புக்கு 'லோஹா'. அதிலிருந்து லோஹாஃபெக்ஸ் என்று பெயர். ஏறத்தாழ 300 சதுர கிலோமீட்டர் பரப்பில் இரும்பு விட்டார்கள். பாசி கொஞ்சம் பெருகியது, ஆனால் எதிர்பார்த்த அளவு இல்லை. காரணம், அந்தத் தண்ணீரில் மணல்சத்து, அதாவது சிலிக்கா, ஏற்கெனவே தீர்ந்திருந்தது. சிலிக்கா ஓடு கட்டும் பாசிகளால் வளர முடியவில்லை. வளர்ந்த மற்ற சின்னப் பாசிகளையும் மேயும் உயிர்கள் தின்று தீர்த்தன. வளிமண்டலக் கரியை ஆழ்கடலில் புதைக்கலாம் என்ற எண்ணம் அங்கே ஈடேறவில்லை.

ஒரு குறையைத் தீர்த்தால் அடுத்த குறை தலைகாட்டும். மேய்கிற உயிர்களையும் கணக்கில் சேர்க்காமல் ஒரே ஒரு சத்தை மூட்டையில் கொண்டுவந்து கொட்டினால் என்ன நடக்கும் என்பதற்கு இது கடல் அளவில் நடந்த பாடம்.

வயலுக்கு வருவோம்

நெல் வயல் ஏன் நூற்றாண்டுக் கணக்கில் உரம் இல்லாமலும் ஓரளவு விளைந்தது என்ற கேள்விக்கு, வங்காளத்து வயல் மண்ணை ஆராய்ந்து 1939இல் பி.கே.டே விடை சொன்னார்: நீலப்பச்சைப் பாசிகள் காற்றிலிருந்து பிடிக்கும் தழைச்சத்துதான் காரணம். நல்ல சூழலில் ஒரு போகத்துக்கு ஹெக்டேருக்கு 20 முதல் 30 கிலோ வரை தழைச்சத்து கிடைக்கலாம் என்பது பொதுவான கணக்கு. வயலுக்கு வயல் மாறும்.

ஆனால் தண்ணீரில் அம்மோனியா நிறைய இருந்தால் இந்தப் பாசிகள் நைட்ரஜன் பிடிக்கும் வேலையை நிறுத்திவிடும். சும்மா கிடைக்கும்போது யார் கஷ்டப்படுவார்கள்? யூரியா தூவிய வயலில் பாசி இருந்தாலும் அது உழைப்பாளி இல்லை, பந்திக்கு வந்த ஆள். இதனால்தான் இருபத்தைந்தாம் நாள் போடும் "ஒரே ஒரு மூட்டை" அன்றைய வெளுப்பை மறைத்தாலும், உருவாகி வந்த கூட்டை உடைக்கிறது.

இன்னொரு இழப்பும் இருக்கிறது. பகலில் பாசி ஒளிச்சேர்க்கைக்காக வயல் தண்ணீரிலுள்ள கரியமில வாயுவை இழுத்துக்கொள்ளும். அதனால் தண்ணீரின் கார நிலை மதியத்துக்கு மேல் ஏறும். பாசி மிகுந்த வயலில் 9ஐயும் தாண்டும். இரவில் திரும்ப இறங்கும். 30 டிகிரி சூடுள்ள தண்ணீரில் கார நிலை 7 என்றால் அம்மோனியச் சத்தில் நூற்றில் ஒரு பங்குகூட வாயு வடிவில் இருக்காது. 8 என்றால் ஏழெட்டுப் பங்கு. 9 என்றால் ஏறக்குறைய 45 பங்கு! காற்று வீசினால் அது பறந்துவிடும். நின்ற தண்ணீரில் தூவிய யூரியாவில் கணிசமான பகுதி இப்படிப் போய்விடலாம். மாட்டுச் சிறுநீரிலும் யூரியா இருப்பதால், இதே கணக்கு நமக்கும் பொருந்தும்.

பண்ணைக்குட்டை வைத்திருப்பவர்களுக்கு

சத்து மிஞ்சினால் நடக்கும் கேட்டையும் பாசியே காட்டும். வயலிலிருந்தும் கொட்டிலிலிருந்தும் சத்து வழிந்து குட்டைக்குப் போனால் தண்ணீர் கெட்டிப் பச்சையாகும். பகலில் அந்தப் பாசி ஆக்சிஜன் விடும். இரவில் அதே பாசி ஆக்சிஜனைக் குடிக்கும். இரவெல்லாம் குடித்து, விடியும் முன் ஆக்சிஜன் அடிமட்டத்துக்கு வந்துவிடும். விடியற்காலையில் மீன்கள் மேலே வந்து வாய் பிளந்தால் காரணம் இதுதான். மேகமூட்டமான நாளுக்கு அடுத்த விடியல் இன்னும் ஆபத்து.

இதுவே பெரிய அளவில் நடந்தால் கடல் செத்துப்போகும். அமெரிக்காவில் மிசிசிப்பி ஆறு மக்காச்சோள வயல்களின் உரச் சத்தை அடித்துக்கொண்டு போய் மெக்சிகோ வளைகுடாவில் கொட்டுகிறது. அங்கே பெருகும் பாசி மடிந்து அடியில் அழுகும்போது ஆக்சிஜன் தீர்ந்துவிடுகிறது. 2017இல் அந்த மூச்சுத்திணறும் பகுதி 22,700 சதுர கிலோமீட்டருக்கும் மேல் பரவியிருந்தது. வரப்பைத் தாண்டிப் போகும் சத்து நம் காசு. அது போய்ச் சேருமிடத்தில் இன்னொருவரின் பிழைப்பு.

இந்தப் பாடத்தை வைத்து நாம் செய்யக்கூடியவை

1. பயிர் வெளுத்தால் முதலில் எந்த இலை வெளுக்கிறது என்று பாருங்க. அடியிலை மஞ்சளாகிக் குருத்து பச்சையாக இருந்தால் தழைச்சத்துக் குறை. செடி உள்ளதை மேலே அனுப்புகிறது. குருத்தே வெளுத்தால் இரும்பு, கந்தகம் போன்ற வேறு குறையாக இருக்கலாம். அதற்குத் தழைச்சத்துக் கொடுத்துப் பயனில்லை.

2. நடவுக்கு முன் தக்கைப்பூண்டோ சணப்போ விதைத்துப் பூக்கும் தறுவாயில் மடக்கி உழுங்கள். மடக்குமுன் நாலைந்து செடியைப் பிடுங்கி முடிச்சைக் கிள்ளிச் சிவப்பு இருக்கிறதா என்று பாருங்க.

3. நடவு வேர் பிடித்ததும் அசோலா விடுங்கள். அது தழைச்சத்துப் பிடிப்பதோடு தண்ணீருக்கு நிழலும் தரும். நிழல் விழுந்தால் மற்ற பாசிகள் அடங்கும், மதியக் கார நிலை அவ்வளவு ஏறாது, அம்மோனியா பறப்பது குறையும்.

4. அசோலா வளராமல் சிவந்து சுருங்கினால் மணிச்சத்துக் குறை ஒரு காரணமாக இருக்கலாம். தொட்டியில் சாணக் கரைசல் விட்டுத் தேற்றிப் பிறகு வயலில் விடுங்கள்.

5. மாட்டுச் சிறுநீர், அமுதக்கரைசல் போன்றவற்றை நின்ற தண்ணீரில் நட்டநடு மதியம் ஊற்றாதீர்கள். தண்ணீரைச் சேறு தெரிய வடித்துவிட்டுச் சாயங்காலம் விடுங்கள். கோனோவீடர் ஓட்டும் நாளோடு சேர்த்துக்கொண்டால் சேற்றில் கலந்து மண் பிடித்துக்கொள்ளும்.

6. நாற்றைத் தூக்கும் அளவுக்கு இழைப்பாசி படர்ந்தால் மருந்து தேடாதீர்கள். தண்ணீரை வடித்து இரண்டு நாள் காயவிட்டால் படிந்து மட்கி உரமாகும்.

7. குட்டைத் தண்ணீரில் முழங்கை வரை கையை விட்டுப் பாருங்க. அதற்கு முன்பே உள்ளங்கை மறைந்துவிட்டால் பாசி மிஞ்சிவிட்டது. சாணம் விடுவதை நிறுத்தி, கொஞ்சம் தண்ணீரை வயலுக்குப் பாய்ச்சி, புதுத் தண்ணீர் விடுங்கள். சத்தும் வீணாகாது, மீனும் பிழைக்கும்.

8. இயற்கைக்கு மாறும் முதல் ஆண்டில் எல்லா நிலத்தையும் ஒரே நேரத்தில் மாற்ற வேண்டும் என்பதில்லை. வீட்டுச் சோற்றுக்கான கால் ஏக்கரில் தொடங்குங்கள். அங்கே முடிச்சையும் அசோலாவையும் அடியிலையையும் வாரம் ஒருமுறை பார்த்து ஒரு நோட்டில் தேதியோடு எழுதிவையுங்கள். அடுத்த போகத்தில் பயிர் வெளுக்கும்போது, பக்கத்து வயலைப் பார்த்து முடிவெடுக்காமல், அந்த நோட்டைப் புரட்டிப் பார்த்து முடிவெடுக்கலாம்.